பள்ளி நூலகத்தைக் கூடிக் கற்கும் இடமாக மாற்ற: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நூலகத்தைக் கொஞ்சம் நவீனமா மாத்துங்க" என்று சொல்லித் தலைமை ஆசிரியர் சாவியைக் கொடுத்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது மேசை நாற்காலிப் படங்களைத் தேடுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வளைந்த மேசைகள், வண்ண இருக்கைகள், சுவரை அடைக்கும் திரை என்று எல்லாமே பார்க்க அழகாக இருந்தன. அந்த அறைக்குள் பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பல வருடம் இந்த வேலையில் இருந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஒரு பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, அதை நூலகத்திலேயே நடத்துகிறார்களே, அந்த நாளில்தான் நூலகம் மாறுகிறது. மேசையும் திரையும் அந்தப் பாடத்துக்கு எது வேண்டுமோ அதைப் பார்த்து வரட்டும். யுனெஸ்கோவும், உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் 1999-ல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: நூலகரும் ஆசிரியரும் கைகோக்கும்போது மாணவர்களின் வாசிப்பு, கற்றல், சிக்கல் தீர்க்கும் திறன் எல்லாமே உயர்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு பாடத்தை நோக்கித்தான் போகின்றன.

முதல் இரண்டு வாரம்: எதையும் நகர்த்தாதீர்கள்

அறையின் வரைபடத்தை ஒரு தாளில் கையால் போடுங்கள். கதவு, ஜன்னல், விளக்கு, மின்விசிறி, பிளக் பாயின்ட், தூண், அலமாரி எல்லாம் அதில் இருக்கட்டும். டேப் வைத்து அளந்து நீள அகலத்தையும் எழுதிவிடுங்கள். அப்புறம் அதை முப்பது நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பள்ளி நாட்கள், நாளுக்கு மூன்று முறை. பள்ளி தொடங்கும் முன் ஒரு தடவை, மதிய இடைவேளையில் ஒரு தடவை, ஒரு நூலக வகுப்பின் நடுவில் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் புது நகலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். இருவர் பேசிக்கொண்டிருந்தால் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். குழுவாக இருந்தால் வட்டம் போடுங்கள். முப்பது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கும்போது அறை தானே பேச ஆரம்பிக்கும். ஆறு பேர் மேசையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் ஓரத் தரையில் நான்கு பேர் ஒரே புத்தகத்தின் மீது குனிந்திருப்பார்கள். கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் ஒரு பிள்ளை தினமும் வந்து ஒதுங்கி வாசிக்கும். அந்தச் சந்தைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். கூடிக் கற்கும் இடம் என்று பேசத் தொடங்கியதும் முதலில் காணாமல் போவது அந்த மாதிரி இடங்கள்தான்.

நூலகத்துக்கு வராத பிள்ளைகளிடமும் பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் கம்ப்யூட்டர், சோபா என்று பட்டியல்தான் வரும். "கடைசியாக நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தது எங்கே? அங்கே எது இடைஞ்சலாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உட்கார இடமில்லை, பேசினால் திட்டுகிறார்கள், பாதியில் மணி அடித்துவிடுகிறது என்றெல்லாம் சொல்வார்கள். உங்கள் திட்டத்துக்கு அந்தப் பதில்கள்தான் அடித்தளம்.

புத்தகங்களைக் கழிப்பது

வேலையின் கடினமான பகுதி இது. நீளமாகவே சொல்கிறேன்.

பழைய அறையில் இடம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் யாரும் தொடாத புத்தகங்கள் அடைத்திருக்கும் அலமாரிகளிலிருந்துதான் வரும். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் தவறான செய்தி உள்ள புத்தகம் அறிவியல் அலமாரியில் இருந்தால், அதை நம்பி ஒரு பிள்ளை பிழையாக எழுதும். அதற்கு நாமும் பொறுப்பு.

விரைவாகச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. நிலப்பட நூலைத் திறந்து ஆப்பிரிக்கப் பக்கத்தைப் பாருங்கள். 2011-ல் பிறந்த தென் சூடான் அதில் இல்லை என்றால் அதற்கு வயதாகிவிட்டது. வானியல் நூலில் கோள்கள் ஒன்பது என்று இருந்தால் அது 2006-க்கு முந்தையது. தனிம அட்டவணையில் 113, 115, 117, 118 ஆகிய இடங்களில் பெயர் இல்லையென்றால் 2016-க்கு முந்தையது. கிலோகிராமுக்கு வரையறை பிளாட்டினம்-இரிடியம் உருளை என்று எழுதியிருந்தால் 2019 மே மாதத்துக்கு முந்தையது. ஒரு அறிவியல் அலமாரியை இப்படி ஒரு மதியத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

கதை, கவிதை, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. கடைசியாக எப்போது எடுத்தார்கள்? பக்கங்கள் உதிர்கின்றனவா? எழுத்து கண்ணை உறுத்துகிறதா? அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, கைபட்டுக் கறுத்த புத்தகத்தைப் பார்த்தால் கவனமாக இருங்கள். அவ்வளவு பேர் விரும்பிய புத்தகம் அது. பழையதை எடுத்தால் புதுப் பிரதி கட்டாயம் வாங்கி வையுங்கள். பள்ளி ஆண்டு மலர்கள், ஊர் வரலாறு, வேறு எங்கும் கிடைக்காத ஒற்றைப் பிரதிகள் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

முறை முக்கியம். பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீக்க நினைக்கும் புத்தகங்களை ஒரு தனி மேசையில் இரண்டு வாரம் பார்வைக்கு வைத்து, "இது எனக்கு வேண்டும்" என்று ஆசிரியர்கள் சீட்டு வைக்க இடம் கொடுங்கள். மீதியை, நூலகத்துக்கு வந்த புத்தகங்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே வெளியே அனுப்புங்கள். ஒருமுறை நான் இந்தப் பார்வைக் காலத்தைக் கொடுக்காமல் அவசரப்பட்டேன். ஒரு மொழி ஆசிரியை ஒவ்வொரு ஆண்டும் ஒரே ஒரு பாடத்துக்காக எடுக்கும் அகராதி அதில் போய்விட்டது. அடுத்த ஆண்டு அவர் வந்து தேடிவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனது இன்னும் நினைவில் இருக்கிறது. எந்த ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமோ, அவருடைய நம்பிக்கையை இப்படித்தான் இழப்போம்.

கழித்தது போக மீதியை அடுக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். அந்த இடத்தில் சில புத்தகங்களை முன் அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். பிள்ளைகள் முதுகைப் பார்ப்பதைவிட முகத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கிறார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும், 1876 முதல் புழக்கத்தில் உள்ள டியூயி தசம வகைப்பாட்டையே நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. எண்ணோடு ஒரு சொல்லும் ஒரு படமும் சேர்த்து ஒட்டுங்கள்: 520 வானியல், 590 விலங்குகள், 796 விளையாட்டு.

பூட்டிய கண்ணாடி பீரோ இருந்தால் திறந்துவிடுங்கள். இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு மேசையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். "புத்தகங்கள் பயன்பாட்டுக்கே" என்பதை இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் தம் ஐந்து நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். இன்று அந்தப் பூட்டுத்தான் நம் சங்கிலி.

இடத்தைப் பிரிப்பது

கற்கும் இடங்களை மூன்று உருவகங்களால் விளக்கினார் டேவிட் தார்ன்பர்க் என்ற கல்வியாளர். ஒருவர் சொல்ல எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கும் தீமூட்டம், வருவோரும் போவோரும் பேசிக்கொள்ளும் நீர்த்துறை, ஒருவர் தனியே இருந்து யோசிக்கும் குகை. சிறிய அறையாக இருந்தாலும் இந்த மூன்றும் வேண்டும். உங்கள் முப்பது தாள்களை எடுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே எங்கே கூடுகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று அதில் இருக்கிறது. அந்தந்த இடத்தை அப்படியே வலுப்படுத்துங்கள்.

பொதுவாக, நீர்த்துறை கதவுப் பக்கமும் குகை அறையின் கடைசியிலும் இருந்தால் நல்லது. நடுவில் புத்தக அலமாரிகள் வரட்டும். நிறைந்த அலமாரி ஓரளவு சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். நடுவில் நிற்கும் அலமாரிகள் 120 செ.மீ. உயரத்துக்கு மேல் போக வேண்டாம். அப்போதுதான் உங்கள் மேசையிலிருந்து முழு அறையும் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் மேல் தட்டு எட்டும். உயரமான அலமாரிகளைச் சுவரோடு திருகி நிறுத்துங்கள். இதில் சமரசமே கூடாது. புத்தகம் நிறைந்த அலமாரி சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. நூலகம் மேல்மாடியில் இருந்தால், அலமாரிகளை ஒரே இடத்தில் குவிக்கும் முன் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அலமாரிகளுக்கு இடையே குறைந்தது 90 செ.மீ. வழி வேண்டும். திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். குழு மேசைகளில் ஒன்றாவது அந்த நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் இருக்கட்டும். தனியாக ஒரு "சிறப்பு மேசை" போட்டு ஓரத்தில் வைத்தால் அந்தப் பிள்ளை ஓரத்திலேயே இருந்துவிடும்.

வெளிச்சத்துக்கு ஐரோப்பியத் தரம் ஒன்று இருக்கிறது: வாசிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அலமாரிப் பகுதிக்கு 200 லக்ஸ். கைபேசிச் செயலி வைத்தே தோராயமாக அளக்கலாம். நேர் வெயில் படும் இடத்தில் புத்தகங்களை வைக்காதீர்கள், அட்டை வெளுத்துத் தாள் நொறுங்கும். அங்கே உட்காரும் இடத்தைப் போடுங்கள்.

சரி, இவ்வளவையும் தீர்மானித்த பிறகாவது வாங்கலாமா? இன்னும் பொறுங்கள். தரையில் நிற நாடா ஒட்டி மூன்று பகுதிகளையும் பிரியுங்கள். வகுப்பறைகளிலிருந்து மேசைகளை இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நாடாவைப் பிய்த்து ஒட்டுவது எளிது. தரையில் பதித்துவிட்ட மேசையை என்ன செய்ய முடியும்? பிறகு வாங்கும்போது இலேசான, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்கக்கூடிய மேசைகளாக வாங்குங்கள். சக்கரம் வைத்தவை என்றால் பூட்டு உள்ள சக்கரம்தான்.

ஒரே ஒரு பாடம்

எல்லா ஆசிரியர்களையும் கூட்டி வைத்துப் பேசுவதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆர்வமுள்ள ஒருவரைப் பிடியுங்கள். அவரோடு ஒரு பாடவேளை உட்காருங்கள். "அடுத்த மாதம் எந்தப் பாடத்தில் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கிறது?" என்பதுதான் கேள்வி. பாடத்தின் இலக்கை அவர் சொல்லட்டும். அதற்கான புத்தகம், படம், இணையப் பக்கம், கேள்வி ஆகியவற்றை நீங்கள் தேடி வையுங்கள். மதிப்பீடு இருவர் பொறுப்பு.

ஓர் உதாரணம். கழித்த வானியல் நூல்களில் பத்தை ஓரமாக எடுத்து வையுங்கள் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவை இப்போது உதவும். வகுப்பில் 36 பேர் என்றால் நான்கு பேர் வீதம் ஒன்பது குழு. ஒவ்வொரு குழுவுக்கும் கோள்கள் ஒன்பது என்று சொல்லும் ஒரு பழைய நூல், எட்டு என்று சொல்லும் ஒரு புதிய நூல், இணையத்தில் தேட ஒரு திரை (டேப்லெட்டோ மடிக்கணினியோ). கேள்வி இதுதான்: "இரண்டு புத்தகமும் நம் நூலகத்தில் இருந்தவைதான். எதை நம்புவது, ஏன்?"

முதல் பத்து நிமிடம் தீமூட்டம். ஆசிரியர் இரண்டு பக்கங்களையும் வாசித்துக் காட்டுகிறார், விடை சொல்வதில்லை. அடுத்த இருபது நிமிடம் நீர்த்துறை. குழுக்கள் பதிப்பாண்டைத் தேடுகின்றன. 2006-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்ததைக் கண்டுபிடிக்கின்றன. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் ஏறக்குறைய உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையிலிருந்து மற்ற பொருள்களை விலக்கியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தவறுகிறது, அதனால் குறுங்கோள் ஆயிற்று. பழைய புத்தகம் பொய் சொல்லவில்லை, அது அச்சான நாளில் அதுதான் சரி என்பதை ஏதாவது ஒரு குழு நிச்சயம் சொல்லும். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கடைசிப் பத்து நிமிடம் குகை. ஒவ்வொருவரும் தனியாக ஐந்து வரி எழுதுகிறார்கள். குழுவில் பேசாத பிள்ளை அங்கே எழுதுவதைப் படிக்கும்போது ஆசிரியரே வியந்துபோவார், பல முறை பார்த்திருக்கிறேன்.

குழுவுக்கு ஒரே திரை என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஆளுக்கொன்று கொடுத்தால் நான்கு பேரும் நான்கு பக்கம் பார்ப்பார்கள். ஒன்று இருந்தால் பேசியே ஆக வேண்டும். யார் தேடுவது, யார் எழுதுவது, யார் நேரம் பார்ப்பது, யார் வகுப்புக்குச் சொல்வது என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள், அடுத்த முறை மாற்றிக் கொடுங்கள்.

இந்தப் பாடம் முடிந்த மாலையே ஆசிரியரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து எது நடந்தது, எது சிக்கிக்கொண்டது என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் அவர் இதைப் பற்றிப் பேசுவார். உங்கள் சுற்றறிக்கை கொண்டு வராத ஆட்களை அந்தப் பேச்சு கொண்டு வரும்.

கருவிகளும் பட்டியலும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. ஒன்பது திரை, அவற்றுக்குச் சார்ஜ் போடப் பூட்டுள்ள ஓர் அலமாரி, ஒரு புரொஜெக்டர், இரண்டு நகரும் வெள்ளைப் பலகை இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயர் நடைவழியில் கிடக்கக் கூடாது. இணையம் விட்டு விட்டு வரும் இடமென்றால் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் தேடலாம்.

பட்டியலுக்கு முதலில் ஒரு சாதாரண விரிதாள் போதும். பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், வகை எண், ஆண்டு, எந்த அலமாரி என்று ஆறு பத்தி இருந்தால் போதும். "வாசகரின் நேரத்தைக் காப்பாற்று" என்ற ரங்கநாதனின் நான்காம் விதிக்கு அந்தக் கடைசிப் பத்திதான் பதில். புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் போனால், கணினி தெரிந்த ஒருவர் உடன் இருந்தால், கோஹாவுக்கு மாறலாம். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி 2000-ன் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் இல்லாமல் இறங்க வேண்டாம்.

சத்தம், சாவி, மாணவர் குழு

"அமைதி காக்கவும்" என்ற பலகையைக் கழற்றினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் புது ஒப்பந்தம் வேண்டும். நீர்த்துறையில் பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் பேசலாம். குகையில் பேச்சே இல்லை. இரண்டையும் ஒரே கண்டிப்போடு காப்பாற்றுங்கள். பேசுவோருக்கு இடம் கொடுத்துவிட்டு, வாசிப்போரைப் பொறுத்துப் போகச் சொல்வது அநியாயம். சிவப்பு மையில் குறித்த அந்தச் சந்து நினைவிருக்கிறதா? அங்கே ஒரு சின்ன விளக்கும் முதுகு சாய ஒரு மெத்தையும் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

மாணவர் குழு ஒன்று அமையுங்கள், எட்டு முதல் பத்துப் பேர். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் எடுக்காதீர்கள். நூலகத்துக்கே வராதவர்கள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருக்கட்டும். முன் அட்டை தெரிய எந்தப் புத்தகத்தை நிறுத்துவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், வாரா வாரம் மாற்றட்டும். மதிய நேரத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் பொறுப்பையும் கொடுக்கலாம். நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளில் நூலகம் பூட்டியிருக்கக் கூடாது. சாவி இன்னொரு ஆசிரியரிடமும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சில புத்தகங்கள் தொலையும். திறந்த அலமாரி வைத்தால் தொலையத்தான் செய்யும். அதற்காகத் தண்டத்தொகை, தண்டனை என்று போனால் மற்ற புத்தகங்களும் அலமாரியிலேயே தங்கிவிடும். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் எவ்வளவு இழப்பு வரை ஏற்கலாம் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் நீங்கள் பயமில்லாமல் புத்தகம் கொடுப்பீர்கள்.

ஒரு பருவம் கழித்து

எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கை நிர்வாகம் கேட்கும், கொடுங்கள். உங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு. எத்தனை பாடங்கள் ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட்டவை? அந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை தாங்களாகவே வந்தார்கள்? இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு நோட்டில் மாதாமாதம் எழுதி வாருங்கள்.

பிறகு பழைய வேலையைத் திரும்பச் செய்யுங்கள். புது வரைபடம் ஒன்று, முப்பது நகல், பத்து நாள், நாளுக்கு மூன்று முறை. பழைய தாள்களுக்குப் பக்கத்தில் புதியவற்றை விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளிகூட விழாத மூலை எங்காவது இருக்கும். அங்கே இருக்கும் மேசையை மாணவர் குழுவோடு சேர்ந்து தூக்கி வேறு இடத்தில் போடுங்கள், நாடாவை மாற்றி ஒட்டுங்கள்.